மேடம் பெறாத குட்டிகள்

இலுப்பைச்சாவடி கொம்யூன் பஞ்சாயத்தில் நாய்கள் குட்டி போடுவது போன பங்குனியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. இதற்கான தீர்மானம் முறைப்படி நிறைவேறி, கையெழுத்தாகி, முத்திரை விழுந்து, புதுச்சேரிக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. தெருநாய் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் கொம்யூன் எல்லைக்குள் உள்ள பெண்நாய்கள் அத்தனைக்கும் அறுவை செய்தாகிவிட்டது என்றும், அதற்கு அடையாளமாக இடது காதின் நுனி கத்தரிக்கப்பட்டது என்றும் அறிக்கை சொன்னது.

காது கத்தரித்தது உண்மை. அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஒரு நாயையும் விடவில்லை. அவசரத்தில் சில ஆண்நாய்களுக்கும் சேர்த்தே கத்தரித்திருந்தார்கள். அறுவையைப் பொறுத்தவரை, ஒப்பந்தம் எடுத்தவர் காதிலிருந்து ஆரம்பித்தார்; வயிற்றுக்கு வருவதற்குள் மார்ச் முடிந்துவிட்டது.

தீர்மானத்தின் நகல் நாய்களுக்குத் தரப்படவில்லை. பின்னால் வந்த தொல்லைகளுக்கெல்லாம் அதுதான் காரணம்.

கொம்யூன் அலுவலகத்துக்கு நேர் எதிரே ஜோஸ்பினின் ஜெராக்ஸ் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. ஜோஸ்பின் ஒரு விலங்குரிமைப் போராளி. இந்தப் பட்டத்தை அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை. அவளே விசிட்டிங் கார்டில் போட்டுக்கொண்டாள். பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கு அது ஒரு வசதி. ஊர் அவளை 'நாய்க்கார ஜோஸ்பின்' என்றுதான் சொன்னது.

பிளாஸ்டிக் டப்பாவில் தலை மாட்டிக்கொண்ட நாய், கிணற்றில் விழுந்த கன்று, மாஞ்சா நூலில் சிக்கிய காக்கை என்று எது அடிபட்டாலும் ஜோஸ்பினின் ஸ்கூட்டி அங்கே போய் நிற்கும். மாதா கோயில் திருவிழாவில் வெடி போட்டால் நாய்கள் மிரளும் என்று சொல்லப் போய்ப் பங்குச் சாமியாரிடமும், அம்மன் கோயில் தேருக்கு அதையே சொல்லப் போய்த் தர்மகர்த்தாவிடமும் ஏச்சு வாங்கி, மத நல்லிணக்கத்துக்குத் தன்னால் ஆனதைச் செய்திருந்தாள். கோழிக்கடை அப்துல் கனி பாய் தினமும் கழுத்தும் காலும் சும்மா கொடுப்பார். அதைச் சோற்றோடு வேகவைத்துத் தெருநாய்களுக்குப் போடுவாள். "அப்போ கோழிக்கு உரிமை இல்லையாம்மா?" என்று யாராவது கேட்டால், "அது அடுத்த கட்டம்" என்பாள்.

அவள் புருஷன் ஆரோக்கியம் வில்லியனூருக்கும் பாகூருக்கும் ஓடும் பிரைவேட் பஸ்ஸில் டிரைவர். பொறுமைசாலி. ஆனால் அவள் வீட்டுக்குத் தூக்கி வந்த குட்டிகளெல்லாம் மறுநாள் காலை முதல் டிரிப்பில் ஏறி எங்கோ இறங்கிவிடும்.

"தெருநாய்க்கு எதுக்குடி வூடு? அதான் இம்மாம் பெரிய தெரு இருக்குதே" என்பான்.

அந்தத் தெருவில் ஒரு செம்பட்டை நாய் இருந்தது. காலையில் பதினொரு மணி வாக்கில் கொம்யூன் அலுவலகத்துக்கு வரும். வராண்டாவில் ஃபேனுக்கு அடியில் படுக்கும். மத்தியானம் யார் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாலும் தலையைத் தூக்கும். நாலு மணிக்கெல்லாம் சோம்பல் முறித்துக் கிளம்பிவிடும். இந்த நடைமுறையைப் பார்த்து அலுவலக ஊழியர்கள் அதற்கு 'மேடம்' என்று பெயர் வைத்தார்கள். மேடத்துக்கும் இடது காது நுனி இல்லை.

ஆவணி மாதத்தில் ஒருநாள் ஜோஸ்பின் மேடத்துக்குச் சோறு வைக்கக் குனிந்தவள் வயிற்றைப் பார்த்தாள். தொட்டும் பார்த்தாள். நேரே சுகாதார ஆய்வாளர் கலைச்செல்வனிடம் போனாள்.

"சார், மேடம் முழுகாம இருக்குது."

கலைச்செல்வன் பேனாவைக் கீழே வைத்தார். கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தி, "எந்த மேடம்?" என்றார்.

"வராண்டா மேடம் சார்."

அவருக்கு மூச்சு வந்தது. "அது எப்படிம்மா? காதைப் பாத்தியா?"

"வயித்தப் பாத்தேன் சார்."

"வயித்தப் பாக்கச் சொல்லி ரூல் இல்லம்மா. காதைத்தான் பாக்கணும்."

"குட்டி காதுலயா சார் வளருது?"

"இதோ பாரும்மா. அறுவை ஆன நாய் முழுகாம இருக்காது. இது சயின்ஸ். மேடத்துக்கு அறுவை ஆயிடுச்சு. இது கவர்மெண்ட். ரெண்டையும் கூட்டிப் பாரு. அப்போ வயித்துல இருக்கறது இன்னா? வாயு."

"கை வெச்சுப் பாத்தேன் சார். உதைக்குது."

"கெட்ட வாயு."

குட்டிகள் பிறந்து பால் மறந்த பிறகாவது மேடத்துக்கு நிஜமாக ஓர் அறுவை செய்யக் கூடாதா என்று கேட்டாள். கலைச்செல்வன் உண்மையாகவே வருத்தப்பட்டார். "ஒரு நாய்க்கு ஒரு அறுவைதாம்மா சாங்ஷன். ரெண்டாவது பண்ணா, மொதல்ல பண்ணது இன்னான்னு ஆடிட்ல கேப்பான்." மேடத்துக்கு ஓமத் தண்ணீர் கொடுக்கச் சொல்லி அனுப்பினார்.

வாயு வளர்ந்தது.

அந்த ஆண்டு 'குட்டியில்லாக் கொம்யூன்' என்று ஒரு விருது கொடுப்பதாக இருந்தார்கள். அதற்கு நேரில் பார்த்து உறுதி செய்ய, துணை இயக்குநர் அமுதம் அம்மையார் புதுச்சேரியிலிருந்து வந்தார். கூட்ட அறையில் மேடை போட்டு, பூ ஜாடி வைத்து, ஆணையர் மணிபாரதி விளக்கிக்கொண்டிருந்தார். நம் கொம்யூனில் பிறப்பு விகிதம் பூஜ்யத்தைத் தொட்டுவிட்டது, அடுத்த ஆண்டு இன்னும் குறைக்கத் திட்டம் என்று அவர் சொல்லும்போது வாட்ச்மேன் இருசப்பன் ஓடி வந்தான்.

"சார்! மேடம் குட்டி போட்டுடுச்சு சார்!"

அறையில் இருந்த அத்தனை பேரும் அமுதத்தைப் பார்த்தார்கள். அமுதம் இருசப்பனைப் பார்த்தார். இருசப்பன் தரையைப் பார்த்தான்.

"மேடைக்கு அடியில சார்" என்றான் மெதுவாக.

அப்போது மேடைக்கு அடியிலிருந்து 'ங்ஙீ' என்று ஒரு சத்தம் வந்தது. அதைத் தொடர்ந்து வேறு வேறு சுருதியில் இன்னும் சில. இருசப்பன் துணியை விலக்கினான். மேடம் படுத்திருந்தது. நனைந்த எலிகள் மாதிரி ஐந்து குட்டிகள் அதன் வயிற்றை முட்டிக்கொண்டிருந்தன.

சத்தம் கேட்டு ஜோஸ்பின் கடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். எல்லாரும் ஆணையரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணிபாரதி தம் சர்வீஸில் எந்த உண்மையைக் கண்டும் பயந்தவர் இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அமைதியாகச் சொன்னார்:

"மேடம், இது பிறப்பு இல்லை. வருகை."

"புரியலையே" என்றார் அமுதம்.

"நம்ம கொம்யூன் எப்படி இருக்குதுன்னு உங்களுக்கே தெரியும் மேடம். மேற்கால ரெண்டு வயல் தாண்டினா தமிழ்நாடு. அதையும் தாண்டினா திரும்ப நம்ம ஊரு. சாராயக் கடை தெரிஞ்சா புதுச்சேரி, தெரியலன்னா தமிழ்நாடு. ஜனங்களுக்கே அவ்வளவுதான் அடையாளம். இதுங்க அந்தப் பக்கத்துலேந்து எல்லை தாண்டி வந்த குட்டிங்க."

"கண்ணே தொறக்கலையேப்பா. எப்படி எல்லை தாண்டி வரும்?"

"அதான் மேடம். கண்ணு தெரியாம தாண்டிடுச்சிங்க."

"அப்போ இந்த நாய் ஏன் பால் குடுக்குது?"

"மனிதாபிமானம் மேடம்."

ஜோஸ்பினால் தாங்க முடியவில்லை. "மேடம், ஈரம்கூடக் காயல பாருங்க! இப்பதான் பொறந்திருக்குது!"

அமுதம் குட்டிகளைப் பார்த்தார். உண்மை என்ன என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் இந்தக் கொம்யூனில் இனிக் குட்டியே பிறக்காது என்று மேலிடத்துக்கு ஏற்கனவே எழுதி அனுப்பியவர் அவர்தான். எழுதியது பெரிதா, பிறந்தது பெரிதா என்ற கேள்வி அரசு அலுவலகங்களில் எழுவதில்லை. "எல்லை தாண்டி வந்த குட்டிகளை உரிய மாநிலத்திடம் ஒப்படைத்து அறிக்கை தரவும்" என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டார்.

ஜோஸ்பின் ஆணையரின் பின்னாலேயே போனாள். "சார், தாய் இந்த ஊரு. குட்டி இந்த ஊரு. எங்க சார் அனுப்புவீங்க?"

"இந்த ஊருன்னா குடியிருப்புச் சான்று வேணும்மா. அஞ்சு வருஷம் தொடர்ந்து இங்கயே வசிச்சதுக்கு ஆதாரம் இருக்குதா?"

"பொறந்தே அரை மணி நேரம்தான் சார் ஆவுது!"

"அப்போ நீயே சொல்லு. நான் எப்படிக் குடுக்க முடியும்?"

குப்பை வண்டியில் ஓர் அட்டைப் பெட்டி வைத்து அதில் குட்டிகளைப் போட்டார்கள். கலைச்செல்வன் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். வண்டி கிளம்பியதும் மேடம் எழுந்தது. பெற்ற உடம்போடு, முலைகள் ஆட, வண்டிக்குப் பின்னால் ஓடியது. அதற்குப் பின்னால் ஜோஸ்பின் ஸ்கூட்டியில். மேடத்தை நிறுத்தித் தூக்கி வைத்துக்கொள்ளப் பார்த்தாள். அது அவளைச் சுற்றிக்கொண்டு ஓடியதே தவிர நிற்கவில்லை.

கடைசிச் சாராயக் கடையைத் தாண்டியதும் ரோட்டின் நிறம் மாறுகிறது. அங்கே வண்டி நின்றது. தகவல் போயிருந்ததால் அந்தப் பக்கத்துப் பஞ்சாயத்து எழுத்தர் ஒருவர் வந்து காத்திருந்தார். பெட்டிக்குள் கைவிட்டு ஒரு குட்டியைத் தூக்கி அதன் காதைப் பார்த்தார்.

"இது எங்க குட்டி இல்ல சார். எங்க ஊர்ல காது வெட்டாத நாயே கெடையாது."

"எங்க ஊர்லயும்தான் கெடையாது" என்றார் கலைச்செல்வன்.

"எங்க பஞ்சாயத்துல போன மார்ச்சோட குட்டி போடறது நின்னு போச்சு சார்."

"எங்களுக்கும் மார்ச்தான் சார்."

இரண்டு அரசுகளின் பிரதிநிதிகளும் ஒரே குட்டியின் ஆளுக்கொரு காதைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் நின்றார்கள். நல்ல வெயில். பெட்டி தார் ரோட்டின் மேல் இருந்தது. முதலில் ஐந்து குரல் கேட்டது. பிறகு நாலு. ஜோஸ்பின் ஓடிப்போய்ப் பார்த்தாள். கடைசிக் குட்டி வாயைத் திறந்தபடி கிடந்தது. அதை எடுத்து முந்தானையில் சுற்றி, உள்ளங்கையால் தேய்த்தாள். ஊதினாள். "யேசப்பா, யேசப்பா" என்று சொல்லிக்கொண்டே தேய்த்தாள். மேடம் நாக்குத் தள்ள வந்து சேர்ந்து அவள் கையை நக்கியது. குட்டி ஒருமுறை உதறியது. அழுதது.

மேடம் அப்படியே படுத்துவிட்டது. தலை தமிழ்நாட்டில், வால் புதுச்சேரியில். ஜோஸ்பின் ஒவ்வொரு குட்டியாக எடுத்து அதன் வயிற்றில் வைத்துவிட்டு, குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்தாள். போகிற பஸ்கள் ஒதுங்கிப் போயின.

கலைச்செல்வன் ஆணையருக்கு ஃபோன் போட்டுப் பேசிவிட்டு வந்தார். முகம் தெளிந்திருந்தது.

"ஒரு வழி இருக்குதும்மா. குட்டிங்கள நீயே வெச்சுக்கலாம். ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடு."

கையால் எழுதிய ஒரு தாளை நீட்டினார். 'மேற்படி குட்டிகள் எல்லைப்புறத்தில் கண்டெடுக்கப்பட்டவை. மேற்படி பெண்நாய்க்கும் இவற்றுக்கும் எவ்விதத் தாய் சேய் உறவும் இல்லை என இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.'

ஜோஸ்பின் படித்தாள். மேடத்தைப் பார்த்தாள். அது கண்ணை மூடிக்கொண்டு பால் கொடுத்துக்கொண்டிருந்தது.

"போடலன்னா?"

"ரெண்டு கவர்மெண்டும் வேணாம்னுடுச்சும்மா. இங்கயே வுட்டுட்டுப் போவோம். வேற இன்னா பண்றது?"

எத்தனையோ மனுவில் உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட்டவள் அவள். ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை. கையெழுத்துப் போட்டதும் காரியம் நடப்பது இதுதான் முதல் தடவை. "மேடத்துக்கு அறுவையும் பண்ணித் தரணும்" என்றாள்.

"அதுவும் ஆவும். மேடமும் தமிழ்நாட்டு நாய்தான்னு ஒரு வரி சேத்து எழுது. வெளியூர் நாய்க்குத் தனி சாங்ஷன் இருக்குது."

சேர்த்து எழுதினாள். கையெழுத்தும் போட்டாள். மேடம் ஒன்றும் வருத்தப்படவில்லை. அதற்குப் படிக்கத் தெரியாது. ஜோஸ்பினுக்குத் தெரியும், அதுதான் சிரமம்.

பெட்டியில் கொம்யூன் முத்திரை இருந்ததால் ஆரோக்கியம் அவற்றைப் பஸ்ஸில் ஏற்றவில்லை; ஜெராக்ஸ் கடையிலேயே குட்டிகள் கண் திறந்து, நடந்து, பால் மறந்தன. மேடத்துக்கு நிஜமாகவே அறுவை நடந்தது. அடையாளத்துக்கு இடது காதில் இடம் இல்லாததால் வலது காதைக் கத்தரித்தார்கள்.

இந்தச் சமயத்தில்தான் சரண்யா வந்தாள். புதுச்சேரி டவுனில் நாய்களுக்குப் பிறந்தநாள் கேக் செய்து விற்கிற பெண். கேழ்வரகு கேக், மேலே வாழைப்பழக் கிரீம். நாய் என்றைக்குப் பிறந்தது என்று தெரியாதவர்களுக்கு ஜாதகம் பார்த்து நாள் குறித்துக் கொடுப்பதாகவும் கேள்வி. செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு குட்டிகளின் பெட்டியைப் படம் எடுத்தாள். பெட்டியின் மேல் கொம்யூன் முத்திரையோடு ஒட்டியிருந்த 'எல்லைப்புறக் குட்டிகள்' என்ற தாளையும் எடுத்தாள்.

"ஃபிரண்ட்ஸ், இதுதான் பார்டர் டாக்! கவர்மெண்ட் சர்ட்டிபிகேட்டோட!"

மறுநாள் காலையில் ஜெராக்ஸ் கடை வாசலில் கார்கள் நின்றன.

"பார்டர் நாய்னா மிலிட்டரில வெச்சிருப்பாங்களே, அந்த ரகமா?" என்றார் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர்.

"இல்ல சார், வெளிநாட்டுல ஆடு மேய்க்கும். மனுஷன விட அறிவு" என்றார் பக்கத்தில் நின்றவர்.

"ஐயோ, அதெல்லாம் இல்ல. இது நம்ம தெரு..." என்று ஜோஸ்பின் ஆரம்பித்தாள். சரண்யா அவள் கையை அழுத்தினாள்.

"ஆன்ட்டி, தெருன்னு சொல்லாதீங்க. சொன்னா ஒருத்தரும் எடுக்க மாட்டாங்க."

ஜோஸ்பினுக்குத் தான் ஏறி இறங்கிய வாசல்கள் ஞாபகம் வந்தன. குட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். உள்ளேயிருந்து, "வேணாம்மா, தெருநாயி, சொறி புடிக்கும்" என்று குரல் வரும். பெட்டியை வாத்தியார் பக்கம் நகர்த்தினாள்.

மத்தியானத்துக்குள் குட்டிகள் தீர்ந்துவிட்டன. போன வருஷம் மேடத்தின் மேல் வெந்நீர் ஊற்றிய ஜவுளிக்கடைக்காரர் ஒன்றை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டு போனார். ஆணையரின் வீட்டம்மா ஆள் அனுப்பி ஒன்று வாங்கிக்கொண்டார். கடைசிக் குட்டிக்குக் கலைச்செல்வன் வந்து நின்றார்.

"சார், இது வாயு சார்" என்றாள் ஜோஸ்பின்.

"அது அப்பம்மா. இப்ப சர்ட்டிபிகேட் இருக்குதே" என்று வாங்கிக்கொண்டார்.

அதன்பிறகு கொம்யூன் முழுக்கப் பார்டர் நாய்க்கு ஆசை பிறந்துவிட்டது. எந்தத் தெருவில் எந்த நாய் ஈன்றாலும் குட்டிகள் எல்லை தாண்டி வந்தவையாகவே இருந்தன. ஆணையர் முத்திரை போடுவார். கண்டெடுத்தவர் என்ற இடத்தில் ஜோஸ்பின் கையெழுத்துப் போடுவாள். ஆரம்பத்தில் கை கூசியது. பிறகு சுலபமாக இருக்கட்டும் என்று ரப்பர் ஸ்டாம்பே செய்துகொண்டாள். எல்லாக் குட்டிக்கும் வீடு கிடைக்கிறதே! பிறப்பு பூஜ்யத்திலேயே நின்றதால் கொம்யூனுக்கு விருதும் கிடைத்தது. பாராட்டு விழாவில் ஜோஸ்பினுக்கு ஒரு சால்வை போட்டார்கள். போர்த்தியவர் அமுதம்.

ஒருநாள் சாயங்காலம் ஆரோக்கியம் டூட்டி முடிந்து வீட்டுக்கு வந்தான். மார்போடு எதையோ துண்டில் சுற்றிப் பிடித்திருந்தான்.

"இன்னாய்யா அது?"

"கத்தாத. இது நீ தூக்கினு வர்ற மாதிரி கண்ட நாய் இல்ல. பிரெஞ்சு ரகம்." துண்டை விலக்கினான். செம்பட்டை நிறத்தில் ஒரு குட்டி கொட்டாவி விட்டது. "அந்தப் பக்கத்துப் பஞ்சாயத்துல தர்றாங்கடி. அடிச்சுப் புடிச்சு வாங்கினேன். பாரு, சீலு போட்டுக் குடுத்திருக்கான்."

ஜோஸ்பின் வாங்கிப் படித்தாள். 'இக்குட்டி புதுச்சேரிப் பகுதியிலிருந்து எல்லை தாண்டி வந்தது எனச் சான்றளிக்கப்படுகிறது.'

"பாண்டிச்சேரின்னா பிரெஞ்சுதான்டி" என்றான் ஆரோக்கியம். "கண்ணப் பாரேன். வெள்ளக்காரன் கண்ணு."

குட்டி அவன் காக்கிச் சட்டையிலேயே மூத்திரம் விட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஜோஸ்பின் பார்க்காத ஒரு சிரிப்பு அவன் முகத்தில் வந்தது. உள்ளே போய்த் தானே பால் காய்ச்சினான். ஆற்றினான். கட்டிலில் தன் தலையணையை எடுத்துத் தரையில் போட்டு அதன்மேல் குட்டியைப் படுக்க வைத்தான். அது என்ன நாய் என்று சொல்வதற்கு ஜோஸ்பின் இரண்டு தடவை வாயைத் திறந்தாள். இரண்டு தடவையும் அவன் குட்டியிடம் பேசிக்கொண்டிருந்தான்.

வாசலில் சத்தம் கேட்டது. ராத்திரிச் சோற்றுக்கு மேடம் வந்திருந்தது. குட்டியின் வாசம் பட்டிருக்க வேண்டும். இரண்டு பக்கமும் நுனியில்லாத காதுகளை விறைத்துக்கொண்டு, வாலை ஆட்டியபடி படியில் முன்னங்காலை வைத்தது.

"அடியே, அந்தத் தெருநாய உள்ள வுடாத!" என்று ஆரோக்கியம் பதறினான். "அதோட சேந்தா இதோட ரகம் கெட்டுடும்!"

ஜோஸ்பின் எழுந்து போனாள். சோற்றுத் தட்டை வெளியே வைத்தாள். மேடத்தின் முகத்தைப் பார்க்காமல் கேட்டைச் சாத்தினாள்.